நல்லம்மாள் கையால் சொன்ன வாக்குமூலம்

1. மனு நாள்

“ஆண் பிள்ளை இருக்கா?” என்று தாசில்தார் கேட்டார்.

முதியோர் உதவித்தொகை மனுக்களில் பாதி அந்தக் கேள்வியில்தான் விழும். சம்பாதிக்கிற வயதில் மகன் இருந்தால் தொகை கிடையாது. அவன் சோறு போடுகிறானா, குடித்துவிட்டு வந்து அடிக்கிறானா என்பதெல்லாம் ரூலில் இல்லை. மகன் இருக்கிறான் என்றால் மனு தள்ளுபடி, அடுத்த ஆளைக் கூப்பிடு.

அன்றைக்கு எதிரே நின்றது நல்லம்மாள். வயது அறுபதுக்குக் குறையாது. அணைத் தண்ணீரை ஒட்டிய மீன்பிடிக் குடியிருப்பிலிருந்து வந்தவர். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அவருக்காகப் பேச வந்திருந்தது மகள் சரசு. இருபத்தைந்து வயது இருக்கும். தாசில்தார் கேட்பதை அந்தப் பெண் கையால் தாய்க்குச் சொல்வாள், தாய் கையால் சொல்வதை வாயால் நமக்குச் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் படித்த சைகை இல்லை அது. அந்த வீட்டுக்குள்ளேயே உண்டாகி, அந்த வீட்டோடு இருந்த கைப்பேச்சு.

நான் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பதில்களை எழுதிக்கொண்டிருந்தேன். மேட்டூர்ப் பக்கத்தில் சில கிராமங்கள் சேர்ந்த பிர்க்கா ஒன்றுக்கு அப்போது நான்தான் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ. எண்பதுகளின் தொடக்கம். என்னை ஆபீசில் ‘கறார்’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அதைவிட மோசமான பேரும் வைத்திருந்தார்கள், எனக்கு எல்லாம் தெரியும். பொய் சொல்லி வாங்குகிறவனால்தான் உண்மையான ஏழைக்குக் கிடைக்காமல் போகிறது என்று ஆணித்தரமாக நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

கணவன் இறந்ததைக் கேட்டபோது நல்லம்மாள் கழுத்தில் கை வைத்து எதையோ அவிழ்த்துப் போடுவதாகக் காட்டினார். அது எனக்கே புரிந்தது. மகனைப் பற்றிச் சரசு கேட்டதும் அந்த அம்மாளின் முகம் மலர்ந்துபோயிற்று. தலைக்கு மேலே கையைத் தூக்கி உயரம் காட்டினார். மீசையை முறுக்கினார். அப்புறம் என் மேஜைக்குப் பின்னால் இருந்த கதவைச் சுட்டிக்காட்டி, இரண்டு கையாலும் துணியைப் பிழிவதாகக் காட்டினார்.

சரசு சொன்னாள்: “இல்லீங்க சாமி. எங்கண்ணன் முனியப்பன் டேம்ல போய்ட்டானுங்க. பரிசல் கவுந்து மூணு வருசமாச்சு.”

என் பேனா நின்றுவிட்டது. செத்துப்போன மகனைப் பற்றிச் சொல்கிற தாய் இப்படியா சிரிப்பாள்?

“சாவு சர்ட்டிபிகேட் எங்கம்மா?” என்றார் தாசில்தார்.

“பொணமே கெடைக்கலீங்க. அதனால யாரும் எழுதித் தரலீங்க.”

ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்தேன். முனியப்பன் பேர் அடிக்கப்படாமல் அப்படியே இருந்தது. காணாமல் போனவனை ஏழு வருடம் ஆனால்தான் இறந்தவனாக எடுத்துக்கொள்ள முடியும். சர்க்கார் கணக்கில் அவன் உயிரோடுதான் இருந்தான்.

“சார், பொண்ணு சொல்றதும் அந்தம்மா காட்டினதும் ஒண்ணா இல்லை,” என்றேன்.

“அப்ப நீரே நேர்ல போய்ப் பாத்து ரிப்போர்ட் குடும்,” என்று தாசில்தார் ஃபைலை என் பக்கம் தள்ளினார்.

சரசுவின் முகம் வெளிறிவிட்டது. தாயைக் கையைப் பிடித்து வேகமாக இழுத்துக்கொண்டு போனாள். நானும் திரும்பி அந்தக் கதவைப் பார்த்தேன். ஆள் யாரும் இல்லை. நிலைப்படிக்குக் கீழே மட்டும் தரை ஒரு ஆள் நிற்கிற அகலத்துக்கு நனைந்திருந்தது. தண்ணீர்ப் பானை இருந்ததோ அறையின் இந்தப் பக்கம். எவனோ தண்ணீரைக் கொட்டித் தொலைத்திருக்கிறான் என்று திட்டிக்கொண்டே துடைக்கச் சொன்னேன்.

2. கொடிக்கயிறு

ஸ்பாட் என்கொயரிக்கு எனக்கென்று ஒரு முறை உண்டு. சொல்லிக்கொள்ளாமல் போவேன், அதுவும் உச்சி வேளையில். வீட்டு வாசலில் நின்று யாரையும் எதுவும் கேட்க மாட்டேன். முதலில் கொடிக்கயிற்றைப் பார்ப்பேன். கிழவி தனியாக இருப்பதாக மனு போட்டிருப்பாள், கொடியில் மகனுடைய பேன்ட் காய்ந்துகொண்டிருக்கும். ரேஷன் கார்டு பொய் சொல்லும், அக்கம்பக்கம் பொய் சொல்லும், கொடிக்கயிறு சொல்லாது. இந்த வித்தையில் எனக்கு அப்போது ரொம்பவே கர்வம்.

பஸ்ஸை விட்டு இறங்கித் தலையாரியோடு நடந்தேன். சித்திரை மாதம். அணையில் தண்ணீர் வெகு தூரத்துக்கு இறங்கிப் போய், காய்ந்த வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குடியிருப்புக்கு ஒரு கூப்பிடு தூரம் இருக்கும்போதே தலையாரி வேலமரத்தடியில் நின்றுவிட்டான்.

“நீங்க போய்ட்டு வாங்க சாமி. நா இங்கயே நிக்கறனுங்க.”

“ஏய்யா, கால் வலிக்குதா?”

“கால் வலியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இந்நேரத்துல அந்த ஊட்டுப் பக்கம் யாரும் போறதில்லீங்க.”

“படிச்ச ஆள் மாதிரி பேசுய்யா,” என்று சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன். அவன் படித்தது மூன்றாம் வகுப்பு. நான் படித்த பி.ஏ. அன்று எனக்குப் பெரிதாக உதவிவிடவில்லை.

ஓட்டு வீடு, ஒரே அறை, பின்னால் சார்ப்பு. கொடியைப் பார்த்தேன். கட்டம் போட்ட ஆம்பளைச் சட்டை ஒன்று தொங்கியது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில் கைக்குட்டையைப் பிழிந்து போட்டால் கால் மணியில் மொறமொறவென்று ஆகிவிடும். அப்படியென்றால் இப்போதுதான் யாரோ போட்டிருக்க வேண்டும். ‘மாட்டினாயா!’ என்று மனதுக்குள் ஒரு குதி குதித்தேன். கிட்டே போய்ச் சட்டையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. பாசி வாடை அடித்தது.

வீட்டுக்குள் நல்லம்மாள் சோறு போட்டுக்கொண்டிருந்தார். தட்டு மூன்று. வலை பின்னிக்கொண்டிருந்த சரசு என்னைக் கண்டதும் பதறி எழுந்து வந்தாள்.

“என்னம்மா இது? அண்ணன் செத்துட்டான்னு ஆபீசில வந்து பொய் சொல்றே. சட்டை கொடியில, தட்டு அடுப்படியில. ஆள் எங்க, உள்ள ஒளிஞ்சிருக்கானா?” என்று சத்தம் போட்டேன்.

“சாமி, கத்தாதீங்க.”

“அவங்களுக்குத்தான் கேக்காதே?”

“காது கேக்காதுங்க. ஆனா மூஞ்சியப் பாத்தே எல்லாத்தையும் படிச்சுருவா. தயவுசெஞ்சு தண்ணிப் பக்கமா திரும்பி நின்னு கேளுங்க.”

அவள் கெஞ்சிய விதத்தில் எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. வீட்டுக்கு முதுகைக் காட்டி, அணையைப் பார்த்தபடி நின்றுகொண்டேன். அவளும் அதே பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

“அண்ணன் போன அன்னிக்கு நாலு பேரு வந்து வாசல்ல நின்னு சொன்னாங்க. எங்கம்மா அவங்க வாயையே பாத்துக்கிட்டு இருந்தா. என்ன சொல்றாங்க, என்ன சொல்றாங்கன்னு என் கையப் புடிச்சு ஆட்டறா. எனக்குச் சொல்ல வரலீங்க. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்துச்சு, அண்ணன் அதுல ஏறி வடக்க போர் போடற வேலைக்குப் போய்ட்டான்னு காட்டிட்டேன். அந்த நிமிசம் கையில என்ன வந்துச்சோ அதைச் சொல்லிட்டனுங்க. அப்புறம் மாத்திச் சொல்ல முடியல.”

எங்கள் ஜில்லாவில் அது நம்பக்கூடிய பொய்தான். ரிக் வண்டியில் ஆந்திரா, குஜராத் என்று போகிற பையன்கள் வருடக் கணக்கில் வீடு திரும்ப மாட்டார்கள்.

“சரி, அவங்க நம்பிட்டாங்க. அப்புறம் இந்தச் சட்டை?”

சரசு கொடியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள் அம்மா எங்கிட்ட, அண்ணன் மத்தியானத்துல வந்துட்டுப் போறான்னு சொன்னா. வாசல்ல வந்து நிக்கறான், உள்ள வரமாட்டேங்கறான், சாப்புட மாட்டேங்கறான்னு சொன்னா. வயசாச்சு, ஏதோ கெனான்னு நெனச்சனுங்க. அப்புறமேட்டு எங்கிட்ட ஒண்ணு கேட்டா. ‘எப்ப வந்தாலும் நனஞ்சே வர்றானே, ஏன்?’னு.”

“ரிக் வேலைன்னா தண்ணி பீச்சி அடிக்கும்தானே, அதை நெனச்சிருப்பாங்க.”

“நானும் அதையேதான் சாமி சொன்னேன். போர்ல தண்ணி அடிக்கறப்ப நனஞ்சிருப்பான்னு. அதுக்கு அவ, ‘ரிக்குல நனஞ்சா தலையில பாசி ஒட்டுமா?’ன்னா.” சரசுவின் குரல் உடைந்தது. “நா தண்ணின்னு ஒரு நாளும் சொல்லலீங்க. டேம்னு சொல்லல, பரிசல்னு சொல்லல. ஊர்ல வேற யாருக்கும் அவளோட பேசத் தெரியாது. அவளுக்கு எப்புடிங்க தெரியும்?”

அந்த வெயிலில் எனக்கு உடம்பெல்லாம் மயிர்க்கால் குத்திட்டு நின்றது. ஆனாலும் ஆர்.ஐ. அல்லவா, சட்டையை விடவில்லை.

“இந்தச் சட்டையை நனைக்கிறது யாரு?”

“தெனம் காலையில காஞ்ச சட்டையா எடுத்துக் கட்டல்ல வெக்கறா, அவன் வந்தா மாத்திக்கட்டும்னு. மத்தியானம் பாத்தா ஈரமா கொடியில கெடக்குது. அவதான் நனைச்சுப் போடறாளா என்னன்னு நாங் கேக்கலீங்க. கேக்கப் பயமா இருக்குதுங்க.”

3. படித்துக் கேட்டேன், சரி

நியாயமாக நான் அங்கிருந்தே திரும்பி வந்திருக்க வேண்டும். ‘மகன் இறந்தது உண்மை’ என்று ரெண்டு வரி எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் நான் யார்? கறார்!

உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினேன். ‘என் மகன் முனியப்பன் மூன்று ஆண்டுகளுக்கு முன் அணையில் மூழ்கி இறந்துவிட்டார். எனக்கு வேறு ஆதரவு இல்லை.’ வாக்குமூலம் என்றால் கடைசியில் ‘படித்துக் கேட்டேன், சரி’ என்று ஒரு வரி வரும். எழுதியதை அவர்களுக்குப் புரிகிற பாஷையில் சொல்லி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் கைநாட்டு வாங்க வேண்டும். மற்ற ஆர்.ஐ.க்கள் அந்த வரியைப் பழக்க தோஷத்தில் எழுதிவிட்டு மைப்பெட்டியை நீட்டுவார்கள். நான் அப்படிச் செய்ததில்லை என்று பெருமை வேறு.

“இதை அவங்களுக்குச் சொல்லும்மா,” என்றேன்.

சரசு கையெடுத்துக் கும்பிட்டாள். “அதை மட்டும் உட்டுருங்க சாமி. கைநாட்டு வாங்கிக்கங்க. அதுல என்ன இருக்குதுன்னு அவளுக்குத் தெரியாது.”

“தெரியாம வாங்கினா அது வாக்குமூலம் இல்லை.”

“அடுத்த மாசம் என்னையக் குமாரபாளையத்துல கட்டிக் குடுக்கறாங்க. நாம் போய்ட்டா அவளோட பேச ஆளே கெடையாதுங்க. மகன் வாரான்னு நெனச்சுக்கிட்டாவது இருக்கட்டுமே. அதையும் புடுங்கிட்டா எதை வெச்சுக்கிட்டு இருப்பா?”

“மகன் வர்றான்னா மனு தள்ளுபடி. மகன் இல்லைன்னா அதை அவங்க வாயால, சரி, கையால சொல்லணும். ரெண்டுல ஒண்ணு நீயே சொல்லு.”

இன்று நினைத்தாலும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. இருபத்தைந்து வயசுப் பெண்ணை, தன் அண்ணன் செத்ததைப் பெற்ற தாயிடம் சொல்லச் சொல்லி ஒரு தாளை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் சொல்லாவிட்டால் தாய்க்குச் சோறில்லை, சொன்னால் தாய்க்குத் துணையில்லை. இதை ரூல் என்று சொல்லிக்கொண்டேன்.

சரசு தாய்க்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் வட்டமாகச் சேர்த்தாள், பரிசல். வலை வீசினாள். வாயைக் குவித்துக் காற்று ஊதினாள். அந்த வட்டம் சுற்றியது, சாய்ந்தது. ஒரு கை மட்டும் மேலே நின்றது. பிறகு அந்தக் கையையும் மெதுவாகக் கீழே இறக்கினாள். அதற்கு மேல் முடியாமல் முகத்தை மூடிக்கொண்டாள்.

நல்லம்மாள் அழவில்லை. அதிர்ச்சியும் இல்லை. மகளின் கைகளை முகத்திலிருந்து எடுத்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டார். அப்புறம் நிதானமாக, ஒவ்வொன்றாகக் கையால் பேசினார். என் பக்கத்துக் கதவைக் காட்டினார், மகளின் முதுகுப் பக்கத்தைக் காட்டினார், உதட்டில் விரலை வைத்தார்.

சரசு சிலையாகிவிட்டாள். நமக்குச் சொல்ல வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

“என்னம்மா சொல்றாங்க?”

அவள் தாயின் கையைப் பார்த்தபடியே, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளாட்டம் சொன்னாள்.

“எனக்குத் தெரியும்ங்கறா. நாலு பேரு வந்து சொன்ன அன்னிக்கே தெரியும்ங்கறா. நீ ரிக் வண்டின்னு கையில காட்டினப்ப, அண்ணன் உம் பின்னாடிதான் நனஞ்சுக்கிட்டு நின்னான்ங்கறா.”

நான் பேனாவை மூடினேன்.

“தங்கச்சி தாங்க மாட்டா, அவ சொன்னபடி ரிக்குக்குப் போனதாவே இருக்கட்டும், நீ காட்டிக்காதேன்னு அவந்தான் சொன்னானாம். இவளுக்கும் மனசு கேக்கல. ஏன் நனஞ்சு வர்றான்னு எங்கிட்டக் கேட்டது, நானா சொல்லிட்டா என்னையக் கட்டிப் புடிச்சு அழலாம்னுதானாம். அப்பயிருந்து அதுக்குத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாளாம்.”

இப்போது இருவருமே அழுதார்கள். அந்த அம்மாளின் அழுகைக்குச் சத்தம் உண்டு. தொண்டைக்குள்ளிருந்து ஒரு மாதிரி வந்தது. நான் தாளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்றாலும் புத்தி போகுமா? அழுகை ஓய்ந்ததும் கேட்டேன்.

“மகன் இல்லைன்னு தெரிஞ்சவங்க, ஆபீசில தாசில்தார் கேட்டப்ப ஏன் இருக்கான்னு கதவைக் காட்டினாங்க?”

சரசு கேட்டாள். நல்லம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். இதென்ன கேள்வி என்கிற பார்வை. இரண்டே அசைவில் பதில் சொன்னார்.

“‘கேட்டாங்க. நின்னான். காட்டினேன்’ங்கறா.”

அந்த அம்மாள் தாளில் கைநாட்டு வைத்தார். மைப்பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வேலமரத்தடியில் காத்திருந்த தலையாரி என் முகத்தைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

4. ரிப்போர்ட்

தாசில்தார் என் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பிணம் கிடைக்கலை. சர்ட்டிபிகேட் இல்லை. மகன் இறந்ததுக்கு ஆதாரம் தாயார் வாக்குமூலம்னு போட்டிருக்கீரு. அந்தம்மாவுக்கு யாருய்யா சொன்னது?”

“சம்பந்தப்பட்டவரே நேர்ல வந்து சொல்லியிருக்கார் சார்.”

சம்பந்தப்பட்டவர் யார் என்று அவர் கேட்கவில்லை. ஜீப் காத்திருந்தது. ‘கறார்’ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். நல்லம்மாளுக்குத் தொகை சாங்ஷன் ஆயிற்று. சரசு கல்யாணமாகிக் குமாரபாளையத்துக்குப் போய்த் தறி வேலையில் சேர்ந்தாள். மாதம் ஒரு தடவை வந்து தாயைப் பார்த்துவிட்டுப் போவதாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது சர்வீசுக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவருக்காக இன்னொருவர் வந்து பேசினால், பேசுகிறவர் வாயை மட்டும் பார்த்து எழுதாதீர்கள். அந்தப் பிள்ளை அங்கே இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டு நிற்கிறது. நீங்கள் கேட்கிற கேள்வியைத் தன் தாயிடமோ தகப்பனிடமோ கேட்க வேண்டியது அதுதான், நீங்கள் இல்லை. கொஞ்சம் பொறுங்கள். தாளைக் கீழே வையுங்கள். எனக்கு இதைச் சொல்லித் தர யாரும் இல்லை, ஒரு பெண்ணை அழவைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

உதவித்தொகை வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறாரா, நிலைமை மாறியிருக்கிறதா என்று வருடா வருடம் போய்ப் பார்த்து ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அடுத்த வருடம் நல்லம்மாள் வீட்டுக்கும் போனேன். காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். உச்சி வேளைப் பழக்கத்தை அதற்குள் விட்டிருந்தேன். பேச்சு மாற்றிச் சொல்ல ஆள் இல்லை. அந்த அம்மாள் என்னை அடையாளம் கண்டு சிரித்து, பாய் விரித்து, மோர் கொடுத்தார். நல்லா இருக்கீங்களா என்று கையால் கேட்டேன், தலையாட்டினார். சாப்பாடு? அதற்கும் தலையாட்டினார்.

படிவத்தில் கடைசிக் கேள்வி ஒன்று உண்டு. ‘மனுதாரர் தனியாக வசிக்கிறாரா?’ ஆம் என்றால்தான் தொகை தொடரும். ஒற்றை விரலைக் காட்டி, வீட்டைச் சுற்றிக் கையை ஆட்டி, புருவத்தைத் தூக்கினேன்.

நல்லம்மாளுக்குப் புரிந்துவிட்டது. இல்லை என்று தலையை ஆட்டினார். என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துச் சிரித்தபடி இரண்டு விரலைக் காட்டினார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்து, ‘ஆம், தனியாக வசிக்கிறார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பத்து மூன்று வருட சர்வீசில் நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.